மெடிக்கல் விரதம்

பிரபு, இதை உட்கார்ந்து படி. நீ எதையும் நின்றுகொண்டே செய்கிறவன். நின்றுகொண்டே தின்பாய், நின்றுகொண்டே போன் பேசுவாய், நின்ற இடத்திலேயே வேலையை விட்டுவிட்டு வருவாய். முதல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஏதோ சொல்லிவிட்டான் என்று ஐடி கார்டைக் கழற்றி அவன் மேஜையில் எறிந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கே வீட்டில் வந்து நின்றாயே, அன்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது பேச்சிலேயே கத்த ஆரம்பித்துவிடுவோம், நாலாவதில் யாராவது ஒருத்தர் கட் பண்ணிவிடுவோம். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து படி. சர்க்கரை போடாத டீ.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனால் உறையில் போட்டு ஒட்டவில்லை. நாளைக்கு உன் அம்மா, நீ கட்டிக்கொள்ளப் போகிற ரம்யாவின் வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி உன் ரூமில் கொடுப்பாள். அவளும் படிக்கட்டும் என்றுதான் ஒட்டாமல் விட்டேன். அவளுக்கும் தெரியாத விஷயம் இதில் இருக்கிறது. நீ படித்து முடித்ததும் நீ ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் யார் கேட்டாலும் கொடு. என்னைப் போன்ற ஆட்கள் இந்தப் பக்கத்துக் கம்பெனி பஸ் ஒவ்வொன்றிலும் பத்துப் பேராவது இருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நாம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நீ பேச்சோடு பேச்சாகக் கேட்டாய். "அப்பா, வர்ற திங்களுக்கு மறு திங்க டிரைவருங்களுக்கு மெடிக்கல் கீது. போன மாசம் சும்மா செக் பண்ணிப் பாத்தா சுகர் மேல காட்டுது. நீ ஒரு ட்ரிக் பண்ணுவியாமே, உங்க பஸ்ஸு ஆளுங்க இன்னும் சொல்லி சிரிக்கிறாங்க. அது இன்னா?" உன் முகத்தில் பயம் இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான். இந்த நேரத்தில் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டால் ரம்யா வீட்டில் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நல்ல அப்பனாக இருந்தால் அந்தப் பயத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கோ, மகன் என்னிடம் வித்தை கேட்கிறான் என்று உச்சி குளிர்ந்துவிட்டது. "மூணு நாளு வாயக் கட்டுடா. கடசி நாளு சுத்தமா ஒண்ணும் துன்னாத. மாத்திரைய ரெண்டா போட்டுக்கோ. ஊசி குத்துறவனே அசந்து பூடுவான்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு வாய் என்று ஒன்றை வைத்தானே ஆண்டவன், அதற்கு ஒரு பூட்டும் வைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் என் சர்க்கரை மாத்திரை டப்பாவைத் திறந்தால் ஒரு அட்டை குறைகிறது. பிரிக்காத அட்டை, பத்து மாத்திரை. "எங்கனா வெச்சிட்டுத் தேடுவீங்க, உங்களுக்கு இதே பொழப்பு" என்றாள் உன் அம்மா. யார் எடுத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் ஷிப்டில் காலை ஐந்தரைக்குப் பென்னலூரில் முதல் ஆள் ஏறுவதிலிருந்து ஒரகடத்தில் கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நாற்பத்தைந்து உயிர் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மூன்று நாள் பட்டினி கிடந்து, இரட்டை மாத்திரையையும் போட்டுக்கொண்டு நீ அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பதாக நினைத்துப் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் புரிந்துகொள்.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புத்திக்கு முன்னால் கை போய்விடும். பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்பதற்குள் பஜ்ஜி வாயில் இருக்கும். கோபம் நியாயமானதுதானா என்று மனசைக் கேட்பதற்குள் எதிரில் இருப்பவன் சட்டை என் கையில் இருக்கும். ரொம்ப நாள் இவை இரண்டும் வேறு வேறு குணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒன்று நாக்கு ருசி, இன்னொன்று முன்கோபம் என்று. இல்லை. இரண்டும் ஒரே கை. உனக்கு ஏழு வயசு இருக்கும். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு லட்டு டப்பா கொடுத்தார்கள். பஸ் ஒரகடத்தைத் தாண்டுவதற்குள் நூலை அவிழ்த்தேன். ஒன்று மட்டும் என்று எடுத்தேன். படப்பை வருவதற்குள் ஆறு போய்விட்டது. பழையபடி நூலைக் கட்டி வீட்டு அலமாரியில் வைத்து, "சாப்ட்டப்புறம்தான் தொடணும், ஆமா" என்று உன்னிடம் சட்டம் பேசிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் இரண்டு கையிலும் இரண்டு லட்டு. விட்டேன் பார் ஒரு அறை.

நீ அழவில்லை. லட்டைக் கீழே போடவும் இல்லை. உன் அம்மா வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு நிமிசத்துல ஏழு வயசுப் புள்ள எட்டு லட்டு எடுத்துதா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அவளையும் ஒரு சத்தம் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு கட்டில் அடியில் பெருக்கும்போதெல்லாம் பிஸ்கட் காகிதமும் மிட்டாய்க் காகிதமும் வர ஆரம்பித்தன. உனக்குச் சுயகட்டுப்பாடு சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்து, ஒளித்துத் தின்னச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒளித்துத் தின்கிறவன் அவசர அவசரமாகத்தான் தின்பான். ருசியும் தெரியாது, போதும் என்பதும் தெரியாது. இன்றைக்கும் நீ சாப்பிடும்போது யாரோ பிடுங்க வருவது மாதிரி சாப்பிடுகிறாய். நிச்சயதார்த்தப் பந்தியில் பக்கத்து இலைக்குச் சாம்பார் வருவதற்குள் நீ பாயசத்துக்குக் கை நீட்டிவிட்டாய். "அவரு ஏன் அத்த இவ்ளோ வேகமா சாப்பிடுறாரு?" என்று ரம்யா உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இப்போது அந்த ட்ரிக் கதைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் நடக்கும். ரத்தம் எடுப்பார்கள், கண் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் பஸ்ஸில் பேச்சு மாறிவிடும். மற்ற நாளில் ஷிப்ட் விட்டு வரும்போது பஜ்ஜிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்கிற ஆட்கள், அந்த வாரம் பாகற்காய் ஜூஸ் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். மாலை போட்டவர்கள் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் சாமி என்று கூப்பிட்டுக்கொள்வோம். "சாமி, ஒரு டீ?" "மெடிக்கல் முடியட்டும் சாமி." மெடிக்கல் விரதம் என்று அதற்குப் பேர் வைத்ததே நான்தான். ரத்தம் கொடுத்த அன்று சாயங்காலம் எல்லாரும் படப்பையில் இறங்கி நேரே பிரியாணிக் கடைக்குப் போய் விரதத்தை முடிப்போம். வருஷம் பூராவும் தின்றதை ஒரு வாரத்தில் மறைத்துவிட்டோம் என்று அவ்வளவு சந்தோஷம். யாரிடமிருந்து மறைத்தோம் என்று ஒருத்தனும் யோசித்ததில்லை.

எனக்கு அப்போதே சர்க்கரை இருந்தது. படப்பையில் ஒரு டாக்டரிடம் காட்டி, கம்பெனிக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நான் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினேன். தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று பயம். இப்போது உனக்கு இருப்பது அதே பயம், இம்மியும் மாற்றமில்லை. "சாப்பாடு இல்லாம இத்தப் போட்டீங்கன்னா மயக்கமே வந்துடும், ஜாக்கிரத" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் அது. மூன்று நாள் விரதம். கடைசி நாள் மதியத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான். மறுநாள் காலையில் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். லேப் ஆட்கள் வந்த வண்டி டிராபிக்கில் மாட்டிக்கொண்டதாம், பத்து மணிக்குக் கூப்பிடுகிறோம், அதுவரைக்கும் லைனுக்குப் போங்கள் என்றார்கள். போய் வண்டியில் ஏறினேன். எங்கள் பகுதியில் இசக்கி என்று ஒரு காண்ட்ராக்ட் ஆள். திருநெல்வேலிப் பக்கம், முப்பது வயசு இருக்கும். மரத்தட்டில் அடுக்கிய கியர் பெட்டிகள் சரியாதபடி பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குவது அவன் வேலை. அவன் கட்டுவான், நான் தூக்குவேன். ஒன்பதரை மணிக்கு எனக்கு உடம்பு சில்லிட்டது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை நடுங்கியது. இசக்கி கிட்டே வந்து பார்த்தான்.

"என்னண்ணே, மூஞ்சி பூரா வேர்த்திருக்கு? இந்தாங்க, ஊர்லேர்ந்து கொண்டாந்த கடல மிட்டாயி. வாயில போட்டுக்கிடுங்க" என்று நீட்டினான்.

"வோணாம்பா. ரத்தம் குடுத்துட்டுதான் எதுவும். இப்ப துன்னா எல்லாம் கெட்டுது" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

பிரபு, அந்த இடத்தை இன்னொரு தடவை படி. பிறந்ததிலிருந்து ஒரு மிட்டாயை வேண்டாம் என்று சொன்னவன் இல்லை நான். என் ஆயுசுக்குக் கையில் நீட்டியதை மறுத்த ஒரே தடவை அதுதான். அந்த ஒரு கடலை மிட்டாயைத் தின்றிருந்தால் பத்து நிமிஷத்தில் உடம்பு தெளிந்திருக்கும். அடுத்த தட்டைத் தூக்கித் திருப்பும்போது கண் முன்னால் எல்லாம் வெளுத்துப்போனது. பிரேக் என்று நினைத்து எதை மிதித்தேனோ தெரியாது. வண்டி ஒரு குதி குதித்தது, தட்டு சாய்ந்தது, பட்டை அறுந்து பெட்டிகள் உருண்டன. இசக்கி அடுத்த தட்டுக்குப் பட்டை போடக் குனிந்திருந்தான். ஒரு பெட்டி அவன் வலது காலில் விழுந்தது. "அம்மா" என்று ஒரே சத்தம்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். என்னை ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் உட்காரவைத்து, அதிர்ச்சியில் நடுங்குகிறான் பாவம் என்று அங்கிருந்த நர்ஸம்மா சர்க்கரை அள்ளிப் போட்டு ஒரு டீ கொடுத்தார். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, கண் தெளிந்தது. என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் உள்ளே வந்தார். "எப்டிப்பா ஆச்சு?" என்றார். "பட்ட லூசா கட்டிட்டான் சார்" என்றேன். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை, சத்தியமாக இல்லை. பஸ்ஸில் லட்டு டப்பாவுக்குப் போன அதே கைதான், இப்போது வாயாக இருந்தது. யோசிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டது. இசக்கியின் காண்ட்ராக்டர் அவனைக் கால் ஆறினதும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எனக்கு ரத்தம் எடுப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்கும் விரதம் இருந்தேன், அதிலும் பாஸ் ஆனேன்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே பிரியாணிக்கும் போனேன். போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய் உட்கார்ந்ததும் இரண்டு பிளேட் தின்றேன். எவ்வளவு வெட்கமாக இருந்ததோ அவ்வளவு தின்றேன். வெட்கத்துக்கும் பசி எடுக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவசரத்தில் சொன்னது ஒரு நிமிஷத்துக் குற்றம். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் திருத்தாமல் இருந்தேனே, அதற்கு அவசரத்தின் மேல் பழி போட முடியாது. அது கோழைத்தனம். இசக்கி கொஞ்ச நாள் கழித்து ஒரகடம் போகிற வழியில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்கு வந்து உட்கார்ந்தான். எங்கள் பஸ் தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போகும். நான் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். கண் சரியில்லை என்று சொல்லி ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கி, ஸ்டோருக்கு மாற்றல் வாங்கினேன். உன் அம்மா வயசாகிவிட்டது என்று நினைத்தாள். அதற்கப்புறம்தான் சாப்பாட்டை ஒழுங்குபண்ண ஆரம்பித்தேன், அதுவும் ஒரே நாளில் இல்லை. அதுவரைக்கும் கட்டுப்பாடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் கிடப்பது என்று நினைத்திருந்தேன். அது கட்டுப்பாடு இல்லை, வீம்பு. வீம்பு தீர்ந்ததும் வட்டியும் முதலுமாகத் தின்போம். நிஜமான கட்டுப்பாடு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, பார்க்கிறவனுக்கு அதில் ஒரு வீரமும் தெரியாது. பஜ்ஜிக் கடை வாசலில் நின்றால் என்னால் சும்மா வர முடியாது என்று ஒப்புக்கொண்டேன். அதனால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு வந்தால் பசி முற்றிக் கோபமாகிவிடும், கோபம் வந்தால் கை எண்ணெய்ப் பலகாரத்துக்குப் போகும். அதனால் உன் அம்மா ஒரு சின்ன டப்பாவில் சுண்டல் கட்டிக் கொடுத்தாள், நாலு மணிக்கே தின்றுவிடுவேன். இவ்வளவுதான். கடையோடு சண்டை போட்டு ஜெயிக்கவில்லை. கடையைப் பார்க்காமல் வந்தேன்.

உன் அம்மாவுக்கு ஒரு கேள்வி உண்டு, உனக்கும் தெரியும். கையை டப்பாவுக்குள் விட்டால் அடுப்படியிலிருந்தே கேட்பாள், "பசியா, கோவமா, சும்மாவா?" முதலில் எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். "ஏன், என் வூட்ல நான் துன்னக் கூடாதா?" என்று கத்துவேன். அவள் பதிலுக்குக் கத்தமாட்டாள். பசி என்றால் தட்டு போடுவாள். கோபம் என்றால் யார் மேல் என்று கேட்பாள். சும்மா என்றால் டப்பாவை மூடிவிடுவாள். போகப் போக அவள் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். கேட்டுப் பதில் தேடுகிற அந்த ஒரு மூச்சு நேரம் போதும், கை பாதி வழியில் நின்றுவிடும். எப்போதும் நிற்கும் என்று சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு அதிரசம் ஒன்று தின்றேன், சரி இன்னைக்குக் கெட்டது கெட்டுப்போச்சு என்று ஒன்பது தின்றேன். அந்தப் பேச்சைத்தான் நம்பாதே. ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெட்டது. மீதி எட்டும் கெட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தவறியதும் உன்னை நீயே திட்டிக்கொண்டால் அதற்கும் ஆறுதலாக வாய் ஏதாவது கேட்கும். அடுத்த வேளைக்கு ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடு, போதும்.

உன் வேலையும் எனக்குத் தெரியாதது இல்லை. ஏழு மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டு மத்தியானம் வரைக்கும் பஸ் நிறுத்துகிற இடத்தில் டிரைவர்கள் எல்லாரும் டீக்கடையைச் சுற்றித்தான் உட்காருவீர்கள். வடை போண்டா கண் முன்னால் எண்ணெயில் வேகும், பொழுதும் போகாது. அதில் பாதி பசியே இல்லை, சும்மாதான். ரூமிலிருந்து ஏதாவது கட்டிக்கொண்டு போ. பஸ்ஸுக்குள்ளேயே சீட்டில் உட்கார்ந்து சாப்பிடு. அப்புறம் அந்த இடத்தை இரண்டு சுற்று நட. முதல் வாரம் கிண்டல் பண்ணுவார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தன் கூட நடப்பான். இன்னொன்று, இப்போதெல்லாம் மூன்று மாதச் சர்க்கரையையும் காட்டுகிற டெஸ்ட் எடுக்கிறார்கள். நீ மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் மூன்று மாதமாகத் தின்ற பரோட்டா அதில் தெரிந்துவிடும். என் ட்ரிக் இந்தக் காலத்துக்குச் செல்லாதுடா. இதைச் சொல்லியே உன்னை நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாட்டிக்கொள்வாய் என்பதற்காக நீ நிறுத்தினால் அது எனக்குப் போதாது.

செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து அந்த குடோனுக்குப் போனேன். இசக்கி கேட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், வலது காலை நீட்டிவைத்துக்கொண்டு. முடி பாதி நரைத்துவிட்டது. பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான். "வாங்கண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றான். நான் உட்காரவில்லை. மாத்திரை, பட்டினி, கடலை மிட்டாய், சூப்பர்வைசரிடம் சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். நடுவில் ஒரு லாரி வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து போய்க் கேட்டைத் திறந்தான், நம்பரை எழுதினான், கேட்டை மூடினான். திரும்பி வர மாட்டான் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தான்.

"பட்ட லூசாத்தான் இருந்திருக்கும்னு நானே நம்பிட்டேன்ணே" என்றான். "எத்தன நாளு உக்காந்து யோசிச்சிருப்பேன் தெரியுமா? எந்த எடத்துல இறுக்காம விட்டேன்னு. பன்னெண்டு வருசமா மனசுக்குள்ள அந்தப் பட்டையக் கட்டிக்கிட்டே இருக்கேன்."

அடிப்பான் என்று எதிர்பார்த்துப் போனேன். அடித்திருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோட்டோரம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவன் ஆறுதல் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. அந்தப் பழைய சூப்பர்வைசரைத் தேடிப்பிடித்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லுங்க" என்றான். பிறகு, இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் வந்தேன் என்று கேட்டான். உன்னைப் பற்றிச் சொன்னேன். அட்டை காணாமல் போனதைச் சொன்னேன். "எந்த பஸ்ஸுண்ணே ஓட்டுதாரு?" என்றான். பென்னலூரிலிருந்து ஒரகடத்துக்கு, காலை ஷிப்ட் என்றேன். இசக்கி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எம்மவ அதுலதாம்ணே வேலைக்குப் போறா" என்றான்.

பத்தொன்பது வயசாம். போன வருஷம்தான் சேர்ந்திருக்கிறாள். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில், ஜன்னல் பக்கம் உட்காருவாளாம். உனக்கு முகம் தெரிந்திருக்கும்.

மெடிக்கல் நடக்கிற திங்கட்கிழமை நீ வண்டி எடுக்காதே. வேறு டிரைவரைப் போடச் சொல்லிவிட்டு, அந்த பஸ்ஸிலேயே ஒரு ஆளாக உட்கார்ந்து போ. அதுவரைக்கும் மூன்று வேளையும் வழக்கம் போலச் சாப்பிடு. முதல் நாள் இரவும் சாப்பிடு. ரத்தம் கொடுத்ததும், கையோடு கட்டிக்கொண்டு போன இட்லியைத் தின்னு. என்ன காட்டுகிறதோ காட்டட்டும். பஸ்ஸை விட்டு இறக்கினால் இறங்கு. சரியானதும் ஏறிக்கொள்ளலாம். ரம்யாவிடம் நீயே சொல், அந்தப் பெண் கேட்டுக்கொள்ளும். உன் சாப்பாட்டு வேகத்தைப் பார்த்த பிறகும் சரி என்று சொன்ன பெண்ணடா அது.

இதை நீ படிக்கும்போது உன் அம்மா வாசலில் நின்றுகொண்டிருப்பாள். வருகிற வழியிலேயே அவள் படித்திருப்பாள், என் மேல் எவ்வளவு கோபத்தில் இருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த அட்டையைக் கையில் வாங்காமல் திரும்ப மாட்டாள். பத்து மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். ஏன்டா எடுத்தாய் என்று அவள் உன்னைக் கேட்டால், அவளுடைய மூன்று பதிலில் எதையும் சொல்லாதே. பசியும் இல்லை, கோபமும் இல்லை, சும்மாவும் இல்லை. "பயம்மா" என்று சொல். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு நான் யாரிடமாவது சொல்லியிருந்தால் இசக்கி இன்று நேராக நடந்துபோய்க் கேட்டைத் திறந்திருப்பான்.